லேபிள் கிழித்த டப்பா

நவம்பர் 6

மாப்பிள்ளைக்கு,

கோழிக்கொட்டகையிலிருந்து மச்சான் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்துவிட்டுக் கோழி கிளறியது என்று நினைக்காதீர்கள், நானேதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும், “எழுத்தில் மன்னிப்புக் கேட்டால்தான் என் வீட்டுப் படி ஏறலாம், அதுவரை உன் தங்கச்சியும் உன்னோடு பேசமாட்டாள்” என்று சொல்லிவிட்டீர்கள். அவளிடம் சத்தியமும் வாங்கிவிட்டீர்கள். உங்கள் இருவர் போனிலும் என் நம்பரை அடைத்தும் விட்டீர்கள். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருந்து இருந்து, மச்சான் கேலி செய்ததற்குக்கூட மனு கேட்கிற ஆளாகிவிட்டீர்கள்.

அப்படி என்ன கொலைக்குற்றம் செய்தேன்? உங்கள் மேனேஜர் சாப்பிட வந்திருந்தார். நீங்கள் ஏழு அறை வைத்த மாத்திரை டப்பாவைத் திறந்து, இது வைட்டமின் சி, இது ஜிங்க், இது மீன் எண்ணெய் என்று அவருக்குப் பாடம் நடத்தினீர்கள். “குளிர் வருது சார், எதிர்ப்புச் சக்திய இப்பவே ஏத்திக்கணும்” என்றீர்கள். சொல்லி வாய் மூடவில்லை, தும்மினீர்கள். ஒன்றா இரண்டா, மேசையே நனைந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. “எங்க தும்மல் துரைக்கு மாத்திரையெல்லாம் மூக்கு வழியா வெளிய வந்துடும் சார்” என்றேன். மேனேஜருக்குச் சிரித்துப் புரையேறியது. தங்கச்சியும் சிரித்தாள். அவள் சிரித்ததுதானே உங்களுக்கு உறைத்தது?

மன்னிப்பைப் பிறகு எழுதுகிறேன். அதற்குப் பெரிய வார்த்தைகள் வேண்டும், யாரிடமாவது கடன் கேட்க வேண்டும். இப்போதைக்குச் சமாதானமாக ஒரு டப்பா. முட்டை வண்டியில், அட்டைகளுக்கு நடுவே வரும். எதிர்ப்புச் சக்திப் பொடி. லேபிள் எங்கோ கிழிந்துவிட்டது. காலையில் ஒரு கரண்டி தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். எங்கள் பக்கம் குளிர் வந்தால் எல்லாரும் இதைத்தான் குடிக்கிறார்கள். ஒருத்தரும் தும்மி நான் பார்த்ததில்லை.

எங்களுக்குப் பிள்ளைகுட்டி இல்லை. அம்மா போன பிறகு நான் தூக்கி வளர்த்தது அவளைத்தான். போனில் “அண்ணே” என்று ஒரு சொல். அது போதும்.

மச்சான்

*

நவம்பர் 20

மச்சானுக்கு,

கடிதமும் டப்பாவும் கிடைத்தன. கடிதத்தில் மன்னிப்பு இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். ஆகவே நிபந்தனையில் மாற்றம் இல்லை.

பொடியைப் பற்றி நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் சந்தேகப்பட்டேன். உங்கள் கையிலிருந்து வருவதை நான் கழுவாமல் தொடுவதில்லை. நிறம் மஞ்சள், வாசனை ஒரு மாதிரி. ஆனால் நல்ல சத்துப் பொருள் எதுவும் வாசனையாக இருப்பதில்லை. பலன் அபாரம். எங்கள் பிரிவில் பாதி நாற்காலிகள் காலி. எல்லாருக்கும் சளி, காய்ச்சல். நான் ஒருவன்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் ஒரு கரண்டி என்றீர்கள், நான் அதை இரண்டாக்கினேன். உதடு கொஞ்சம் வெடிக்கிறது, தலை வலிக்கிறது. உடம்பிலுள்ள கழிவு வெளியேறும்போது அப்படித்தான் இருக்குமாம், படித்திருக்கிறேன். மேனேஜருக்கும் ஒரு பாட்டிலில் போட்டுக் கொடுத்தேன். அவர் என்னை முதன்முறையாகப் பெயர் சொல்லி அழைத்தார்.

இன்னொரு விஷயம். எப்படியும் உங்கள் காதுக்கு வரும் என்பதால் நானே தெரிவிக்கிறேன். உங்கள் தங்கை கருவுற்றிருக்கிறாள். நான்காம் மாதம். எங்களுக்குத் திருமணமாகி எத்தனை வருடம் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தப் பிள்ளையை எப்படி வளர்க்க வேண்டும் என்று நான் முடிவு செய்துவிட்டேன். அது உங்கள் கொட்டகைப் பக்கம் வராது. கோழி எச்சத்தில் தவழ்ந்தவளை நாலு பேர் நடுவில் உட்காரவைக்க நான் பட்ட பாடு போதும். இன்றைக்கும் மழை நாளில் அவள் தலைமுடியில் அந்த வாடை வருகிறது.

இனி முட்டையைக் காவலாளியிடம் கொடுத்தால் போதும். வண்டிக்காரர் மாடிக்கு வர வேண்டாம். காலி அட்டைகளையும் கடிதத்தையும் காவலாளியே கீழே கொண்டுவருவார்.

அந்தப் பொடியில் இன்னொரு டப்பா இருந்தால் அனுப்பவும்.

*

நவம்பர் 27

மாப்பிள்ளை! மாப்பிள்ளை! மாப்பிள்ளை!

மூன்று தடவை கூப்பிட்டும் மனசு ஆறவில்லை. நான் தாய்மாமன் ஆகப் போகிறேன். வீட்டுக்காரிக்குப் படித்துக் காட்டினேன், அவள் தீவனக் கூடையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதாள். நான் கொட்டகைக்குள் போய் ஒவ்வொரு வரிசையாகச் சொல்லிக்கொண்டே நடந்தேன். ஒரு கோழி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டது, உங்கள் ஜாடை.

வாடை என்று எழுதியிருந்த வரியை மட்டும் வீட்டுக்காரிக்குப் படிக்கவில்லை. ஒரு இடுப்பில் அவளையும் மறு கையில் தண்ணீர் வாளியையும் தூக்கிக்கொண்டு இந்தக் கொட்டகையில் நடந்தவன் நான். அந்த வாடைதான் மாப்பிள்ளை அவளைப் படிக்கவைத்தது. உங்களுக்குக் கட்டிக்கொடுத்ததும் அந்த வாடைதான்.

அதனால் நானும் ஒன்றை மறைக்காமல் தெரிவிக்கிறேன். உங்கள் பாஷையில் சொன்னால், பதிவு செய்கிறேன்.

நீங்கள் காலையில் இரண்டு கரண்டி குடிக்கிறீர்களே, அது கோழிப் பொடி. குளிர் காலத்தில் கோழிகளுக்குச் சளி பிடிக்காமல் இருக்கத் தண்ணீர்த் தொட்டியில் கலக்குவது. லேபிள் கிழியவில்லை, நான்தான் சுடுதண்ணீரில் ஊறவைத்து உரித்தேன். லேபிளில் இவ்வளவு பெரிய சேவல், கொண்டையும் கொலுசும் போட்ட மாதிரி நிற்கும். எல்லாரும் குடிக்கிறார்கள் என்றேனே, அந்த எல்லாரும் இப்போது என் முதுகுக்குப் பின்னால் கொக்கரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆபீஸில் நாற்காலியைக் குனிந்து பாருங்கள், முட்டை கிடக்கப் போகிறது. மேனேஜரையும் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளை இறக்கையோடு பிறந்தால் என்னைக் கூப்பிடுங்கள், எனக்குத்தான் வளர்க்கத் தெரியும்.

இன்னொரு டப்பா இருக்கிறது. அனுப்பட்டுமா?

மச்சான்

*

டிசம்பர் 4

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இறக்கை பற்றிய வரியை மூன்று முறை.

நான் முன்பு எழுதாதது ஒன்று உண்டு. பொடி வந்த நாளிலிருந்து காலையில் இரண்டு டம்ளர் கலக்கினேன். ஒன்று எனக்கு. இன்னொன்று அவளுக்கு. இரண்டு உயிருக்குத் தெம்பு வேண்டும் என்று என் கையால் கொடுத்தேன்.

நேற்று மருத்துவரிடம் போனோம். கோழிகளுக்கான பொடியில் வைட்டமின் ஏ என்ற சத்து மனிதருக்கு ஆகாத அளவில் இருக்கலாம் என்றார். அது அளவு மீறினால் வயிற்றிலுள்ள பிள்ளையைத்தான் முதலில் தொடுமாம். லேபிள் எங்கே என்று கேட்டார். என் மைத்துனர் சுடுதண்ணீரில் உரித்துவிட்டார் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

லேபிளை அனுப்பவும்.

*

டிசம்பர் 11

மாப்பிள்ளைக்கு,

இன்னொரு டப்பாவிலிருந்து லேபிளை உரித்து இதோடு வைத்திருக்கிறேன். ஓரத்தில் கொஞ்சம் கிழிந்துவிட்டது. பொடி எழுத்தில் என்னென்னவோ இருக்கிறது. கோழி டாக்டரிடம் கொண்டு போனேன். “யாருக்கு?” என்று கேட்டார். சொன்னேன். “உனக்கு எப்பவுமே வெளையாட்டுதான்யா” என்றார். “இல்ல டாக்டர், நிஜம்” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பெரிய டாக்டரிடம் காட்டுங்கள். எங்கே வேண்டுமானாலும் காட்டுங்கள். நான் வந்து தூக்கிக்கொண்டு ஓடட்டுமா? எனக்குத் தெரியாது மாப்பிள்ளை. நீங்கள் இரண்டு நாள் வயிறு கலங்கி ஓடுவீர்கள், நான் இங்கே உட்கார்ந்து சிரிப்பேன், அவ்வளவுதான் என் கணக்கு. அவள் வயிற்றில் பிள்ளை இருப்பது தெரிந்திருந்தால் அனுப்புவேனா? தெரிந்த பிறகும் இறக்கை அது இது என்று எழுதினேனே, அந்தக் கையை என்ன செய்வது? வீட்டுக்காரி என்னோடு ஒரே அறையில் உட்காரமாட்டேன் என்கிறாள்.

அவளை ஒரு நிமிடம் பேசவிடுங்கள். ஏசட்டும். ஏசினால் போதும்.

*

டிசம்பர் 18

மச்சானுக்கு,

பிள்ளை இல்லை.

அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். யார் கொடுத்த பொடி என்று கேட்டாள். சொன்னேன்.

இங்கே வர வேண்டாம். அவளே உங்கள் முகத்தைப் பார்க்க விரும்பவில்லை.

*

ஜனவரி 8

மாப்பிள்ளைக்கு,

வர வேண்டாம் என்றீர்கள், வந்தேன். உங்கள் கட்டடத்து வாசலில் காவலாளி தடுத்தார். அவர் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, சால்வையை மூக்குவரை சுற்றியிருந்தார். “மேல வுடக்கூடாதுன்னு சார் சொல்லிருக்காரு, நான் என்னங்க செய்யறது?” என்றார். எதிர்ப்பக்கம் மருந்துக்கடை ஓரமாக நின்றேன். கடைக் கண்ணாடி முழுக்க எதிர்ப்புச் சக்தி மாத்திரை விளம்பரம். ஒரு குடும்பமே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது, அம்மா இடுப்பில் பிள்ளை. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். உங்கள் பால்கனியில் அவளுடைய பச்சைச் சேலை காய்ந்தது. “சிட்டு” என்று அவள் செல்லப் பெயரைச் சொல்லி ஒரு சத்தம் போட்டிருந்தால் எட்டிப் பார்த்திருப்பாள். எந்த வாயால் கூப்பிடுவது? திரும்பிவிட்டேன்.

கோழிகளை விற்றுவிட்டேன். எல்லாவற்றையும். காலையில் தொட்டியில் பொடி கலக்கப் போவேன், அந்த வாடை மூக்கில் ஏறும், வாந்தி வரும். கறிக்கு எடுக்கிற லாரி வந்தது. நான் உள்ளே போனதும் தீவனம் வருகிறது என்று எல்லாம் என் காலடிக்கு ஓடிவந்தன. அதனால் பிடிக்கிறவர்களுக்கு வேலை சுலபமாகப் போயிற்று. இப்போது கொட்டகையில் இருமினால் எதிரொலி கேட்கிறது.

இந்த அட்டைகளில் வருவது கடைசி முட்டை. வண்டிக்காரர் காலி அட்டை வாங்க இன்னும் ஒரு தடவை வருவார், அதோடு சரி.

நீங்கள் கேட்டதை எழுதுகிறேன். கடன் வாங்கின வார்த்தை எதுவும் இல்லை.

உங்களைப் பலர் முன்னால் கேலி செய்தேன். மன்னித்துவிடுங்கள். உங்களைக் கோழி ஆக்கிப் பார்த்தேன். மன்னித்துவிடுங்கள். என் தங்கச்சி பிள்ளையை நானே கொன்றேன். இதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை.

*

ஜனவரி 15

மச்சானுக்கு,

உங்கள் எழுத்துப்பூர்வமான மன்னிப்பு கிடைத்தது. ஏற்றுக்கொள்கிறேன்.

இப்போது நானும் லேபிளைக் காட்டிவிடுகிறேன்.

பிள்ளை நன்றாக இருக்கிறது. இப்போது வயிற்றுக்குள் உதைக்கவும் செய்கிறது. அவள் அந்தப் பொடியில் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை.

உங்கள் கோழிப் பொடிக் கடிதம் வந்த அன்று நான் உண்மையிலேயே பயந்தேன். அவளுக்கும் தினமும் கொடுத்தேன் என்றேனே, அது பொய்யல்ல. ஓடிப்போய், “நீ குடிச்சியா? எவ்வளவு குடிச்சே?” என்று கேட்டேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? சிரித்தாள். “மொத நாளே மூடியத் திறந்ததும் தெரிஞ்சுபோச்சுங்க. அந்த வாடையிலதானே நான் வளர்ந்தேன்? என் டம்ளர ஜன்னல் செடிக்குத்தான் ஊத்தினேன்” என்றாள். “அப்ப என்கிட்ட ஏன் சொல்லல?” என்றேன். “அண்ணன் அவ்வளவு ஆசையா ஒரு வெளையாட்டு வெளையாடுது, கெடுப்பானேன்னுதான்” என்றாள். நான் இரண்டு கரண்டியாக்கியதைப் பார்த்திருக்கிறாள். உதடு வெடித்ததற்கு வெண்ணெய் தடவிவிட்டிருக்கிறாள். மேனேஜருக்குக் கொடுத்த பாட்டிலைக் கழுவித் தந்ததே அவள்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதே சிரிப்பு, உங்கள் வீட்டுச் சிரிப்பு.

என் உதட்டைக் காட்ட மருத்துவரிடம் போனேன். “வீட்டில் கர்ப்பிணி யாராவது இதைக் குடித்தார்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். வெளியே வந்து படி இறங்கும்போதுதான், ஆமாம் என்று சொன்னால் எப்படி இருக்கும் என்று தோன்றியது.

ஆபீஸில் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கவில்லை. மேனேஜரிடம் அந்தப் பொடியைக் குடிப்பதை நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஏன் என்றும் சொல்ல வேண்டியதாயிற்று. என் மேசையை இப்போது பழைய கோப்புகள் கிடக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். நான் வராந்தாவில் நடந்தால் எங்கிருந்தோ “கொக்கரக்கோ” என்று ஒரு குரல் வருகிறது. அதைக் கேட்டபடிதான் உங்களுக்கு அந்தக் கடிதங்களை எழுதினேன். அதில் எனக்கு எந்த மாத்திரையிலும் கிடைக்காத தெம்பு கிடைத்தது.

அவளுக்கு இது எதுவும் தெரியாது. உங்களைப் பற்றிக் கேட்டபோது, அண்ணன் கோபத்தில் இருக்கிறார், பிள்ளை பிறந்தாலும் வரமாட்டாராம் என்று சொல்லிவைத்தேன். நம்பினாள். இரண்டு நாள் சாப்பிடவில்லை, பிறகு சாப்பிட்டாள்.

நீங்கள் அவளிடம் சொல்லலாம், தடையில்லை. ஆனால் அவள் கர்ப்பிணி என்று தெரிந்த பிறகும், அவள் குடித்தாளா என்று ஒரு வரி கேட்காமல் இறக்கையைப் பற்றி எழுதினீர்களே, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

கோழிகளை விற்றுவிட்டீர்கள் என்பதற்காக வருந்துகிறேன். அதை நான் எதிர்பார்க்கவில்லை. விளையாட்டுத்தானே, மச்சான். சிரியுங்கள்.

*

ஜனவரி 17

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் கட்டிவைத்த காலி அட்டைக்கு நடுவில் இல்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு முட்டை வண்டியின் முன் சீட்டிலிருந்து உங்கள் பெண்டாட்டி இறங்கினாள்.

எப்படி என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் காவலாளி காய்ச்சலில் படுத்துவிட்டார். பாவம், அவருக்கு மட்டும் நீங்கள் பொடி கொடுக்கவில்லை போலிருக்கிறது. வண்டிக்காரர் கீழே நின்று மணி அடித்துக்கொண்டே இருந்தாராம், நீங்கள் ஆபீஸில். அவளே அட்டைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறாள். வண்டிக்காரர் அவள் வயிற்றைப் பார்த்திருக்கிறார். “என்னம்மா இது, புள்ள போயிடுச்சுன்னு சொல்லித்தானே உங்கண்ணன் அத்தனை கோழியையும் ஏத்தி அனுப்பிச்சாரு? நான்தானே கூண்டு கூண்டா எண்ணி லாரில ஏத்திவிட்டேன்?” என்றிருக்கிறார். அங்கேயே, வண்டிக் கதவில் சாய்ந்துகொண்டு, அட்டைக்கு நடுவில் இருந்த உறையைக் கிழித்துவிட்டாள்.

எனக்கு வேகமாகப் படிக்க வராதே, அவள்தான் படித்துக் காட்டினாள். வெறும் கொட்டகையில், தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து, முழுக்க, நிறுத்தாமல். வீட்டுச் சிரிப்பு என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கினாள். இறக்கை இடம் வந்தபோது நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நீங்கள் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருப்பது வீண், மாப்பிள்ளை. இதிலேயே எல்லாம் இருக்கிறது. மடித்து வைத்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள்:

“ரெண்டு பேருக்கும் வெளையாட என் வயிறுதான் கெடச்சுதா?”

அப்புறம் எழுந்து உள்ளே போய்விட்டாள். வீட்டுக்காரியோடுதான் பேசுகிறாள். கதவுக்கு வெளியே நின்று குரலைக் கேட்டுக்கொள்கிறேன். நான் உள்ளே போனால் நின்றுவிடுகிறது. என் தங்கச்சி இப்போது என் வீட்டிலேயே இருக்கிறாள், “அண்ணே” என்ற ஒரு சொல்தான் வரவில்லை. நீங்கள் நினைத்ததைவிட நன்றாகவே செய்துவிட்டீர்கள். இதில் என் பங்கும் பாதி, அதை விட்டுக்கொடுக்கமாட்டேன்.

திரும்ப வருவாளா என்று கேட்டு எழுத வேண்டாம். நீங்கள் வந்தாலும் வாசலில் நிறுத்த இங்கே காவலாளி கிடையாது, என் வீட்டுக்காரிதான் இருக்கிறாள். அவளுக்குச் சளியும் பிடிக்காது, இரக்கமும் வராது.

முட்டை வண்டி நின்றுபோனதால் இதைத் தபாலில் அனுப்புகிறேன், ஒரு பொட்டலமும் கூட வரும். நீங்கள் முன்பு கேட்ட இன்னொரு டப்பா. இங்கே இனி குடிப்பதற்கு யாருமில்லை. அனுப்பலாம் என்று சொன்னது நானில்லை, அவள். அவளே பாதி உயரத்துக்குச் சாக்குத் துணியைச் சுற்றிக் கட்டினாள், கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டாள். லேபிள்தான் டாக்டருக்கென்று உரித்து உங்களுக்கு அனுப்பிவிட்டேனே, டப்பா மொட்டையாக இருந்தது. கட்டுவதற்கு முன்பே அவள் குப்பையைக் கிளறி, பழைய டப்பா ஒன்றிலிருந்து சேவல் படத்தை உரித்துவந்து, பசை தடவி ஒட்டினாள். படத்துக்கு மேலேயும் துணியைச் சுற்றி மூடப் போனேன்.

“மூடாதே” என்றாள். என் முகத்தைப் பார்க்காமல், டப்பாவைப் பார்த்து. “இந்தத் தடவ படத்தப் பாத்துட்டே குடிக்கட்டும்.”